நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் படம் எடுக்க எவ்வளவு கேட்கலாம்? தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமரா வாங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். நீங்கள் ஸ்டேட்டஸில் வைத்த நான்கு படங்களைப் பார்த்துவிட்டுக் கூடப் படித்தவரோ, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரோ, சித்தப்பாவின் சம்பந்தி வீட்டாரோ கேட்பார்கள்: "எங்க வீட்டு வளைகாப்புக்கு நீங்களே எடுத்துத் தர்றீங்களா? எவ்வளவு ஆகும்?" முன்பின் தெரியாதவர் கேட்டால் ஒரு தொகையைச் சொல்லிவிடுவோம். தெரிந்தவரிடம் வாய் வராது. "பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். அவர் பார்த்துக் கொடுக்கும் தொகை பெட்ரோலுக்கும் உதவியாளருக்கும் சரியாகப் போய்விடும். மனத்தாங்கல் மட்டும் மிஞ்சும்.

இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள், புதுமனை புகுவிழா போன்ற சிறிய விசேஷங்களை மனதில் வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் ஒரு புதியவரை நம்பி முதலில் கொடுப்பது இவற்றைத்தான். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு. உங்கள் ஊருக்கும் கருவிகளுக்கும் தக்கபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை அப்படியே இருக்கட்டும்.

1. விருந்தாளியாகப் போகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா?

விலைக்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். நெருங்கிய நண்பரின் திருமணத்தில் மேடைக்குக் கீழே கேமராவோடு நின்றால், பந்தியில் கூட உட்கார முடியாது. நண்பர்கள் குரூப் போட்டோவில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். மிக நெருங்கியவர் என்றால், "நான் கல்யாணத்துக்கு வர்றேன், மொய் வைக்கிறேன், சாப்பிடுறேன். படத்துக்கு நல்ல ஆள் சொல்றேன்" என்று சொல்லிவிடுவதுதான் என் தேர்வு. இதில் யாரும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

இரண்டும் சேர்ந்து வராது. வேலைக்கு ஒப்புக்கொண்டால் அன்று முழுக்க வேலைதான். அதற்கு விலை உண்டு.

2. கையைக் கடிக்காத விலை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால், கேமராவை வெளியே எடுத்தாலே உங்களுக்கு எவ்வளவு செலவு என்று பாருங்கள். ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்.

கேமரா 1,20,000 ரூபாய். இரண்டு லென்ஸ் 80,000. ஃபிளாஷும் டிரிகரும் 20,000. மெமரி கார்டு, பேட்டரி, ஹார்ட் டிஸ்க் 20,000. லேப்டாப் 80,000. மொத்தம் 3,20,000. இவை நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 80,000 தேய்மானம். எடிட்டிங் மென்பொருளுக்குச் சந்தா, சர்வீஸ், இணையம், மின்சாரம், கூடுதல் டிஸ்க் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000. ஆக 1,20,000.

அடுத்து, முதல் ஆண்டில் உண்மையிலேயே எத்தனை நாள் வேலை கிடைக்கும்? பலரும் இங்கே ஆசைப்பட்டு 100 என்று போடுவார்கள். 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,20,000-ஐ 40-ஆல் வகுத்தால் 3,000. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒவ்வொரு வேலைக்கும் இந்த 3,000 செலவாகிவிட்டது. கையிலிருந்து போகாததால் இது கண்ணுக்குத் தெரியாது. கேமரா பழுதாகும் அன்று மொத்தமாகத் தெரியும்.

நான்கு ஆண்டு என்பது குத்துமதிப்பு அல்ல. மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள பல கேமராக்களுக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் கிளிக் வரைதான் ஆயுள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஒரு விசேஷத்துக்கு 800 கிளிக் என்றால் 40 விசேஷத்துக்கு 32,000, நான்கு ஆண்டில் 1,28,000. திருமணங்கள் எடுக்கத் தொடங்கினால் இதைவிட வேகமாகக் கரையும்.

இதன்மேல் அந்த வேலைக்கென்று கையிலிருந்து போகும் பணம். போக்குவரத்து 400, உதவியாளர் 1,000, வாடகை லென்ஸ் 800 என்றால் 2,200. முந்தைய 3,000-ஐயும் சேர்த்தால் 5,200. இதுதான் உங்கள் அடிவிலை. அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் இதற்குக் கீழே இறங்கினால் நீங்கள் பணம் கொடுத்து வேலை செய்கிறீர்கள் என்று பொருள்.

வாடகை லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வாடகையைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடுவார்கள். புதிய வாடிக்கையாளரிடம் அடையாள அட்டையும் முன்வைப்புத் தொகையும் கேட்பார்கள். அதிகாலை விசேஷம் என்றால் முந்தைய நாள் மாலையே எடுக்க வேண்டியிருக்கும். திருப்பிக் கொடுக்க மாலை ஆகிவிட்டால் இரண்டு நாள் வாடகை. விலை சொல்வதற்கு முன்பே கடைக்கு போன் செய்து உறுதிசெய்யுங்கள்.

3. வேலை மண்டபத்தோடு முடிவதில்லை

"மூணு நாலு மணி நேரம்தானே" என்பார்கள். அரை நாள் வளைகாப்பை எடுத்துக்கொள்வோம். படம் எடுப்பது 4 மணி நேரம். போக வர 2. படங்களை ஏற்றி இரண்டு பிரதி வைக்க 1. கண் மூடியது, மங்கலானது எல்லாம் கழித்துப் பொறுக்கி எடுக்க 2. பொறுக்கிய 150 படங்களுக்குத் தலா 3 நிமிடத் திருத்தம் என்றால் ஏழரை மணி நேரம். பேசுவது, அனுப்புவது, சின்னச் சின்ன மாற்றம் ஒன்றரை. கூட்டினால் 18 மணி நேரம்.

மணிக்கு 250 ரூபாய் கூலி வைத்தால் 4,500. அடிவிலை 5,200-உடன் சேர்த்தால் 9,700. லாபமாக 1,300 வைத்தால் 11,000. இதுதான் உங்கள் பட்டியல் விலை.

இன்னொரு செலவும் உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (திருத்துவதற்காகக் கேமரா பதியும் மூலக் கோப்பு) சுமார் 25 முதல் 30 எம்பி வரும். 800 படங்கள் 20 ஜிபியைத் தாண்டும், இரண்டு பிரதி என்றால் 40 ஜிபிக்கு மேல். கூகுள் தரும் இலவச 15 ஜிபியில் ஒரு விசேஷம்கூட அடங்காது. எத்தனை மாதம் பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஆறு மாதம் என்று சொல்கிறேன். தெரிந்தவர்கள் இரண்டு வருடம் கழித்தும் "அந்த போட்டோ இருக்கா?" என்று கேட்பார்கள். இருந்தால் கொடுக்கலாம், ஆனால் அது கடமையாகிவிடக் கூடாது.

4. முழு விலையை எழுதுங்கள், கழிவைத் தனி வரியில் காட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவருக்குக் குறைக்கலாம். ஆனால் குறைத்த தொகையை மட்டும் வாயால் சொல்லாதீர்கள். இப்படி எழுதிக் கொடுங்கள்:

வளைகாப்பு, அரை நாள், திருத்திய படங்கள் 150: ரூ. 11,000
நட்புக் கழிவு: ரூ. 3,000
தர வேண்டியது: ரூ. 8,000

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் ஊரில் ஒரு விசேஷ வீட்டிலிருந்துதான் அடுத்த வேலை வரும். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே நண்பரின் மாமா கேட்பார், "போட்டோவுக்கு எவ்வளவு?" நண்பர் ஒளிவுமறைவு இல்லாமல், "எட்டாயிரம்தான் மாமா" என்று சொல்வார். அடுத்த மாதம் மாமா வீட்டுக் காதுகுத்துக்கு நீங்கள் 11,000 கேட்டால், அவரை ஏமாற்றப் பார்ப்பதாகத்தான் தோன்றும். எழுத்தில் 11,000 இருந்தால் நண்பரே சொல்வார்: "விலை பதினொன்னு, எனக்குன்னு மூவாயிரம் குறைச்சான்."

இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று நண்பருக்குத் தெரிகிறது. மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவது போலத்தான் இதுவும். எழுதாமல் விட்டால் நீங்கள் செய்தது யாருக்கும் தெரியாமல் போகும். எழுதியிருந்தால் நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்திலும் அவருக்கு நினைவிருக்கும்.

எவ்வளவு கழிக்கலாம்? கழிவு உங்கள் கூலியிலிருந்தும் லாபத்திலிருந்தும் மட்டுமே வர வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது அதிகபட்சம் 5,800. உடன்பிறந்தவர்போல் இருக்கும் ஓரிருவருக்கு முழுதையும் விடலாம். நல்ல நண்பருக்கு 3,000 வரை. அலுவலகத் தெரிந்தவர், தெருக்காரர், நண்பரின் நண்பர் என்றால் 1,000, அல்லது விலையைக் குறைக்காமல் 20 படங்கள் கூடுதலாகக் கொடுங்கள். படங்கள் கூடுதலாகக் கொடுப்பதை நான் அதிகம் விரும்புகிறேன். அவருக்கும் மகிழ்ச்சி, விலையும் இறங்குவதில்லை.

5. முகூர்த்த நாளில் கழிவு கிடையாது

ஆவணி, தை, வைகாசி வளர்பிறை முகூர்த்தங்களில் ஊரில் மண்டபமும் கிடைக்காது, கேமராக்காரரும் கிடைக்க மாட்டார். மூத்த புகைப்படக்காரர்கள் இரண்டாவது கேமராவுக்கு ஆள் தேடுவதும் அந்த நாட்களில்தான். அன்றைக்குத் தெரிந்தவருக்குக் குறைந்த விலையில் போனால், கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தையும் சேர்த்து இழக்கிறீர்கள். புதியவருக்கு அந்தச் சம்பளத்தைவிட, மூத்தவர் ஒருவரோடு நாள் முழுக்க நின்று கற்கும் வாய்ப்பு போவதுதான் பெரிய இழப்பு.

பிறந்தநாள், குழந்தை படம், குடும்பப் படம் கேட்பவர்களிடம், "ஆடியிலோ மார்கழியிலோ வெச்சுக்கலாமா? அப்ப நல்லா குறைச்சுத் தர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். வேலை இல்லாத மாதங்களில் கையும் பழகும்.

6. ஆல்பத்தைக் கழிவுக்குள் கொண்டுவராதீர்கள்

ஆல்பம் உங்கள் உழைப்பல்ல, அதை அச்சிட்டுத் தரும் லேப்காரரின் பொருள். 12-க்கு 36 அங்குல அளவில் கரிஸ்மா ஆல்பம் (படங்களைப் பக்கத்திலேயே வடிவமைத்து அச்சிடும் ஆல்பம்) போட்டால் ஷீட்டுக்கு இவ்வளவு, அட்டைக்கும் பெட்டிக்கும் இவ்வளவு, வடிவமைப்பவருக்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று லேப் கணக்குச் சொல்லும். புதியவருக்கு லேப் கடன் தராது, முன்பணம் கேட்கும். அதனால் ஆல்பத்துக்குத் தனி விலை, முழுப் பணமும் லேபுக்கு அனுப்பும் முன்பே.

இதில் பெரிய சிக்கல் படம் தேர்வு செய்வது. "இதோ செலக்ட் பண்ணித் தர்றோம்" என்பார்கள், மாமியார் ஊரிலிருந்து வரட்டும் என்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் லேப் விலையேற்றியிருக்கும். படங்கள் கொடுத்த 30 நாளுக்குள் தேர்வு வராவிட்டால் அன்றைய லேப் விலைதான் என்று எழுதிவிடுங்கள். எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு என்பதும் அதே இடத்தில் இருக்கட்டும்.

7. பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்

நண்பரிடம் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட முடியாது, தேவையும் இல்லை. பேசி முடித்த அன்றே ஒரு செய்தி அனுப்பி, "ஓகே" என்று பதில் வாங்கினால் சிறிய வேலைக்குப் போதும். நண்பருக்கு இப்படி:

"மச்சான், தங்கச்சி வளைகாப்புக்கு நான் எடுக்கிறேன்டா. ஞாயிறு காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை. திருத்தின படம் 150, மூணு வாரத்துல லிங்க் அனுப்புறேன். என் ரேட் 11,000, உனக்கு 3,000 குறைச்சு 8,000. பாதி இப்போ, மீதி விசேஷத்தன்னைக்கு. 1 மணிக்கு மேல போனா மணிக்கு 1,000. ஆல்பம் வேணும்னா தனி. சரின்னா ஓகே போடுடா, தேதியை உனக்கு வெச்சிடுறேன்."

அலுவலகத்து மூத்தவருக்கு நடை மாறும், விவரம் மாறாது:

"வணக்கம் அக்கா. உங்க வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம். நேத்து பேசினதை எழுதி அனுப்புறேன், ஒருமுறை பார்த்துட்டுச் சொல்லுங்க..." என்று தொடங்கி, அதே வரிகளை எழுதுங்கள்.

எழுதும்போது பலர் விட்டுவிடும் மூன்று விஷயங்கள். முதலாவது, திருத்தாத படங்கள் தருவீர்களா, மாட்டீர்களா? "எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்க" என்ற கோரிக்கை கட்டாயம் வரும். இரண்டாவது, கோயிலில் விசேஷம் என்றால் கேமரா அனுமதியும் கட்டணமும் யார் பொறுப்பு? கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு ரசீது வாங்கச் சொல்லுங்கள், அந்த வேலையை விசேஷ வீட்டாரிடமே விடுங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் டிரைபாட் வைத்து எடுக்கவே முன் அனுமதி வேண்டும். "சும்மா போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். மூன்றாவது, விசேஷம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும்? வீட்டில் துக்கம் என்றால் நான் அடுத்த தேதிக்கு அப்படியே மாற்றிக் கொடுப்பேன். மற்றபடி, கடைசி வாரத்தில் ரத்தானால் முன்பணம் திரும்பாது.

8. பணம் யார் கையிலிருந்து வரும்?

கேட்டது நண்பராக இருக்கலாம். கொடுப்பது அவர் அப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். நண்பர் ஒப்புக்கொண்ட 8,000 அவருக்குத் தெரிந்தே இருக்காது. "பேமென்ட் யார்கிட்ட வாங்கிக்கணும்?" என்று முன்பணம் பேசும்போதே கேட்டு, அவரையும் அந்த வாட்ஸ்அப் செய்தியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மீதிப் பணத்தை விசேஷம் நடக்கும் நாளிலேயே வாங்குங்கள். அன்றைக்கு மொய் வந்திருக்கும், கையில் பணம் இருக்கும். மறுநாளிலிருந்து மண்டபம், சமையல்காரர், பந்தல், பூ என்று ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். உங்களைத் "நம்ம பையன்தானே" என்று கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அன்று மாலை தொகையோடு யுபிஐ க்யூஆர் படத்தை அனுப்பி, "கார்டுல இருக்கிறதை பத்திரமா காப்பி பண்ணிட்டேன், மீதியை இதுல அனுப்பிடுங்க" என்று எழுதுங்கள். கண்ணியமாகவும் இருக்கும், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும்.

பணம் முழுதாக வராமல் எல்லாப் படங்களையும் கொடுக்காதீர்கள். மறுநாளே 10 படங்களைச் சிறிய அளவில் அனுப்பிவிடுங்கள், ஸ்டேட்டஸ் வைக்க அவர்களுக்கு அது போதும்.

9. படம் யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். எடுத்தவருக்கே உரிமை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் இன்ஸ்டாகிராமிலோ மாதிரி ஆல்பத்திலோ அந்தப் படங்களைப் போட வேண்டுமானால், "என் வேலையைக் காட்டச் சில படங்களைப் பயன்படுத்திக்கலாமா?" என்று அதே செய்தியில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

எழுத்தில் ஒப்புதல் இருந்தாலும் குழந்தைகள் படங்களையும் மஞ்சள் நீராட்டு விழாப் படங்களையும் போடாதீர்கள். அந்தப் பெண் வளர்ந்து பள்ளிக்கும் வேலைக்கும் போகும்போதும் அது இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

10. வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறுதொழிலாகப் பதிவுசெய்யலாம். கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வரும், முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். தொழில் வகைக் குறியீடு கேட்கும் இடத்தில் புகைப்படத் தொழிலுக்கு 7420. கடைப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது இந்தச் சான்று உதவும்.

செலவைக் கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வசூலிப்பது தவறு. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கி ரசீது கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். 50 தாள் உள்ள ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கார்பன் பிரதி உங்களிடம் இருக்கும். வருமான வரிக் கணக்குக்கும் அதுவே ஆதாரம்.

11. "இலவசமா எடுங்க, உங்களுக்கும் விளம்பரம் ஆகும்"

கேட்கத்தான் செய்வார்கள். இலவசமாக எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மாதிரிப் படங்கள் இல்லாதவருக்கு யாரும் வேலை தருவதில்லை. ஆனால் இலவசம் எது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எந்த வகைப் படம் உங்களிடம் இல்லையோ அதற்கு மட்டும், நீங்களே தேர்ந்தெடுத்த ஆளிடம், நீங்களே போய்க் கேளுங்கள். உதாரணமாகக் குழந்தைப் படம் இல்லை என்றால், தெரிந்த ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம், 15 படங்கள், இணையத்தில் போடாமல், பெற்றோரின் அனுமதியோடு நேரில் காட்டும் ஆல்பத்துக்கு மட்டும். அதற்கும் பில் எழுதி, கழிவு வரியில் முழுத் தொகையையும் காட்டுங்கள். மூன்று நான்கு தொகுப்பு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

12. விலையை ஏற்றும்போது

ஆண்டுக்கு ஒருமுறை நோட்டை எடுத்து இரண்டாம் படியின் கணக்கை மறுபடி போடுங்கள். மார்கழி அதற்குத் தோதான மாதம். வேலை குறைவு, தை தொடங்குவதற்குள் புதிய பட்டியல் தயாராகிவிடும். பட்டியல் விலையை ஏற்றுங்கள், கழிவுத் தொகையை அப்படியே விடுங்கள். பழைய நண்பர் "போன தடவை எட்டாயிரம்தானே" என்று கேட்டால், அப்போதைய செய்தியையும் இப்போதைய பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட தேதிகள் இருந்தால் அதே விலைக்கே முடித்துக் கொடுங்கள். புதிய பட்டியலின் தலைப்பில் எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, அதற்குப் பிறகு கேட்பவர்களுக்கு அதை மட்டும் அனுப்புங்கள்.